பல்கலைக்கழகக் கணினியும் சட்டமும்

பல்கலைக்கழக மாணவரின் பதிவு விபரங்கள், பரீட்சைப் புள்ளிகள் என்பன இன்று கணினியிலேயே பேணப்படுகின்றன. இலங்கையில் இவற்றைப் பாதுகாக்கும் பிரதான சட்டங்களுள் ஒன்று 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமாகும்.

மாணவர்களே, பின்வரும் நிலைமையைக் கவனியுங்கள். ஒருவர் சக மாணவரின் கடவுச்சொல்லைப் பார்த்து வைத்து, அவரது அனுமதியின்றிக் கணக்கினுள் நுழைகின்றார். எதனையும் அழிக்கவில்லை, மாற்றவுமில்லை. இது குற்றமா?

விடை: ஆம், குற்றமே.

1. பிரிவு 3: தமக்கு அதிகாரமில்லை என அறிந்திருந்தும், கணினியையோ அதிலுள்ள தகவலையோ அணுகுவதற்காக வேண்டுமென்றே செய்யும் செயல் குற்றமாகும். தண்டனை: 100,000 ரூபாவுக்கு மேற்படாத தண்டப்பணம் அல்லது 5 வருடங்கள் வரையான சிறைத்தண்டனை அல்லது இவ்விரண்டும்.

2. பிரிவு 5: அவர் புள்ளிகளையும் மாற்றியிருந்தால், தரவின் நம்பகத்தன்மையைக் கெடுத்த குற்றமும் சேரும். இதற்கான தண்டப்பணம் 300,000 ரூபா வரை உயரலாம். சிறைத்தண்டனை மேற்கூறியவாறே 5 வருடங்கள் வரையாகும்.

கொள்கைக்கும் சட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டையும் அறிந்துகொள்ளுங்கள். கணினிப் பாவனைக் கொள்கையை வகுப்பது பல்கலைக்கழகம். அதை மீறினால் ஒழுக்காற்று விசாரணை நடைபெறும். சட்டத்தை இயற்றுவது பாராளுமன்றம். அதை மீறினால் நீதிமன்றம் தண்டிக்கும். ஒரே செயலுக்கு இரண்டையும் எதிர்நோக்க நேரிடலாம்.

நினைவிற்கொள்க: “சேதமில்லை, ஆகவே குற்றமில்லை” என விடை எழுதுவது தவறு. அனுமதியற்ற நுழைவு ஒரு குற்றம். மாற்றம் செய்தல் மற்றொரு குற்றம். விளையாட்டாகச் செய்தேன் என்பதும் கடவுச்சொல்லைத் திருடியவரைக் காப்பாற்றாது.