காலைப் பூவும் மாலைப் பூவும்

காலை ஆறு மணிக்கு வீட்டுச் செடியில் இரண்டு செம்பருத்தி பறித்து, பித்தளைச் சொம்பில் வைத்து, கிழக்கு ஜன்னலோரம் எண்ணெய் வண்ணத்தில் வரைய உட்காருவேன். எட்டு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பியாக வேண்டும். செம்பருத்தி ஒருநாள் பூ. காலையில் விரிந்து மாலைக்குள் சுருண்டுவிடும். எண்ணெய் வண்ணம் காயவோ நாள்கணக்காகும். ஆகவே எதை முதலில் வரைவது என்பதைப் பூதான் முடிவு செய்யும். டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த பழுப்பு வண்ணத்தால் பூவின் சாய்வையும் நிழலையும் குறித்துக்கொள்வேன். அடுத்து இதழ்கள். சொம்பு எங்கும் போகாது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மேல் அடுக்குகளுக்குப் போகப்போக ஆளிவிதை எண்ணெய் கூட வேண்டும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் வற்றுவதுபோலக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த அடுக்கு மெதுவாக இறுகும். அதை அடியில் போட்டால் பின்னாளில் மேலடுக்கு வெடிக்கும். எட்டாம் வகுப்பில் வேதிமாற்றம் நடத்தும்போது இதைச் சொல்வதுண்டு.

எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லை. அறிவியல் ஆசிரியரான நானே வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஓவியம் எடுக்கிறேன். சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் குழுவுக்கு ஒரு செம்பருத்தி வைத்து வரையச் சொன்னேன். பெரும்பாலோர் பூவைப் பார்க்கவே இல்லை. ஐந்து வட்ட இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. எல்லார் நோட்டிலும் அதே பூ. ஒரு மாணவி மட்டும் குடையை மடக்கியதுபோல் ஏதோ வரைந்திருந்தாள். “பூவைப் பார்த்து வரைம்மா” என்று சொல்லி, நானே ரப்பரை எடுத்து அழித்துவிட்டேன். “அது இப்படித்தான் சார் இருக்கு” என்றாள். நான் அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கேன்வாஸில் என் பூ விரிந்திருக்கிறது. சொம்பில் சுருண்டு கிடக்கிறது. தினமும் பார்ப்பதுதான். அந்த வகுப்பில் கண்ணால் கண்டதை வரைந்தவள் அவள் ஒருத்தி.

திங்கட்கிழமை வகுப்பின் முன் என் தவறைச் சொன்னேன். சிரித்தாள். ஆனால் அதன்பின் பல வாரங்கள், கோடு போடுமுன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

இப்போது ஒரே பூவை இருமுறை வரைய வைக்கிறேன்: காலை வழிபாட்டுக்கு முன் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். பென்சிலும் மெழுகு வண்ணமும் போதும். டர்பன்டைன் எளிதில் தீப்பற்றும், நெடியும் ஆகாது. அதை வகுப்பறைக்குள் கொண்டுபோவதில்லை. மகரந்தத் தண்டின் நுனியில் சூலகமுடி ஐந்தாகப் பிரிவதை நான் சொல்லாமலே எண்ணிச் சொல்கிறார்கள்.

டச்சு ஓவியர் ரேச்சல் ரைஷின் (1664–1750) பூங்கொத்துப் படம் ஒன்றையும் காட்டினேன். பத்துக் குழந்தைகளுக்குத் தாய். எண்பது வயதைத் தாண்டியும் வரைந்தவர். அக்காலப் பூங்கொத்து ஓவியங்களில் வெவ்வேறு பருவத்துப் பூக்கள் ஒரே ஜாடியில் நிற்கும் என்றதும், “அப்போ அது பொய்தானே சார்?” என்றான் ஒருவன். அந்தந்தப் பூ பூத்தபோது பார்த்து வரைந்து வைத்த படிப்பு ஓவியங்களைப் பிறகு சேர்த்திருக்கலாமே என்றேன். அவன் முழுதாக ஒப்பவில்லை. அந்த மாணவி மட்டும் தன் காலைப் பூவையும் மாலைப் பூவையும் ஒரே கிளையில் சேர்த்து வரைந்து கொண்டுவந்தாள். இம்முறை என் முகத்தைப் பார்க்காமல் நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.