மனைவிக்கு ஒரு வண்டி

குப்பம், சித்தூர் மாவட்டத்தின் எல்லை ஊர். ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகம் என்ற மூன்று மாநிலங்களும் இந்தப் பக்கத்தில் சந்திக்கின்றன.

பால் ஊற்றப் போக வேண்டும். சந்தைக்குப் போக வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். இந்த வேலைகளில் பல பெண்களின் தலையில்தான் விழுகின்றன. புது வண்டி வாங்க எல்லோரிடமும் பணம் இல்லை. அதனால் சிலர் பழைய வண்டியை வாங்குகிறார்கள். அதைப் பழுது பார்த்து மனைவிக்குக் கொடுக்கிறார்கள்.

நல்ல காரியம். ஆனால் சாவியைக் கையில் கொடுத்தால் மட்டும் போதுமா? ஜப்பான் நாட்டில் நடந்த ஒரு கதையைப் படிப்போம்.

சச்சி ஓட்டிய வண்டி

ஹோண்டா என்ற பெயர் நமக்குத் தெரியும். அது ஒரு மனிதரின் பெயர். சோய்ச்சிரோ ஹோண்டா 1906-இல் ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை கொல்லர். சைக்கிளும் பழுது பார்த்தார். மகனும் அந்த வேலையைப் பார்த்து வளர்ந்தார். 1935-இல் ஹோண்டாவுக்கும் சச்சி என்ற பெண்ணுக்கும் திருமணம் நடந்தது.

1945-இல் உலகப் போர் முடிந்தது. ஜப்பான் தோற்றது. ஊர்கள் அழிந்து கிடந்தன. உணவுக்குப் பஞ்சம். அரிசி, காய்கறி தேடி சச்சி வெகுதூரம் சைக்கிள் மிதித்துப் போனார்.

1946-இல் ஹோண்டாவின் கண்ணில் ஒரு சின்ன என்ஜின் பட்டது. போர்க் காலத்தில் ராணுவத்தின் வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் கொடுத்த என்ஜின் அது. போர் முடிந்ததும் அதற்கு வேலை இல்லை. ஹோண்டா அதைச் சரி செய்து சைக்கிளில் பொருத்தினார். பெட்ரோல் டாங்க் இல்லை. வெந்நீர் ஊற்றி வைக்கும் ஒரு குடுவையையே டாங்க் ஆக்கினார்.

வண்டி தயார். அதை ஓட்டிப் பார்க்கும்படி சச்சியிடம் சொன்னார். சச்சி தன்னிடம் இருந்த நல்ல உடையை உடுத்திக்கொண்டார். கூட்டம் நிறைந்த தெருக்களில் வண்டியை ஓட்டினார். வீடு திரும்பிப் பார்த்தால் உடை முழுவதும் எண்ணெய்! வண்டி இப்படி இருந்தால் வாங்கியவர்கள் வந்து திட்டுவார்கள் என்று கணவரிடம் நேராகச் சொன்னார். ஹோண்டா சட்டென்று கோபப்படும் மனிதர். அன்று கோபப்படவில்லை. மனைவி சொன்னதை ஏற்றுக்கொண்டார். அந்தக் குறையைச் சரி செய்த பிறகே வண்டி விற்பனைக்கு வந்தது.

மனைவி படும் பாட்டைப் பார்க்க முடியாமல்தான் வண்டி செய்தேன் என்று ஹோண்டா பின்னாளில் சொல்வார். சச்சி சிரிப்பார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஒரு பெண்ணால் இந்த வண்டியை ஓட்ட முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் தன்னை ஓட்டச் சொன்னார் என்பார்.

சுமார் 500 பழைய என்ஜின்கள் கிடைத்தன. எல்லாம் விற்றுத் தீர்ந்தன. 1947-இல் ஹோண்டா தானே என்ஜின் செய்தார். 1948-இல் கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனி 1958-இல் சூப்பர் கப் என்ற சின்ன வண்டியைக் கொண்டு வந்தது. 2017-க்குள் அந்த வண்டி 10 கோடி தயாரானது.

புதுக்கோட்டைப் பெண்கள்

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். முதலில் சிலர் கேலி செய்தார்கள். பெண்கள் விடவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. அண்ணனும் கணவனும் வந்து கூட்டிப் போகட்டும் என்று காத்திருப்பதும் குறைந்தது.

பழைய வண்டி வாங்கும்போது

ஓட்டப் போகிறவரையே அழைத்துப் போங்கள். சீட்டில் உட்கார்ந்தால் அவருடைய கால் தரையில் ஊன்றுகிறதா? பிரேக் கைக்கு எட்டுகிறதா? புடவை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கம்பி இருக்கிறதா? அவர் சொல்லும் குறையைக் கேளுங்கள்.

மெக்கானிக்கிடம் முதலில் பிரேக், டயர், விளக்கு மூன்றையும் சரி செய்யச் சொல்லுங்கள். பெயிண்ட் அடிப்பது பிறகு. பல நாள் நின்ற வண்டியில் டாங்க் துருப்பிடித்திருக்கும். கார்புரேட்டரில் அழுக்கு அடைத்திருக்கும். இரண்டையும் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆர்.சி.யை எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். அதில் உள்ள என்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சொந்த வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

குப்பத்துக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கிருஷ்ணகிரியிலோ கோலாரிலோ வண்டி வாங்கினால் அது வேறு மாநில வண்டி. விற்பவர் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்று வாங்கித் தர வேண்டும். அது இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

யார் பெயரில்?

வண்டி மனைவிக்கு என்றால் ஆர்.சி.யும் மனைவி பெயரில் இருக்கட்டும். பெயர் மாற்றப் படிவம் 29, படிவம் 30 வேண்டும். அவரே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். இன்ஷூரன்சும் அவர் பெயரில் எடுக்க வேண்டும்.

அவர் லைசென்சும் எடுக்க வேண்டும். முதலில் எல்.எல்.ஆர். வாங்க வேண்டும். 30 நாள் கழித்து, 6 மாதத்துக்குள், ஓட்டிக் காட்ட வேண்டும். ஹெல்மெட்டையும் அவரே தலைக்குப் போட்டுப் பார்த்து வாங்கட்டும்.

வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும். அதை ஓட்ட அவருக்குத் தெரிய வேண்டும். அது அவர் பெயரில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது அவருடைய வண்டி.

சிந்தியுங்கள், பேசுங்கள்

1. சச்சி சொன்ன குறை என்ன? ஹோண்டா என்ன செய்தார்?
2. வேறு மாநில வண்டி வாங்கினால் எந்தச் சான்று வேண்டும்?
3. உங்கள் வீட்டு வண்டி யார் பெயரில் இருக்கிறது? ஆர்.சி.யை எடுத்துப் படியுங்கள்.