குட்டை மேகமும் கணிப்பொறியும்

முகத்துவாரக்குப்பத்தில் என் மாமா வலை காயப்போட்டிருப்பார். நல்ல வெயில் அடிக்கும். கடல் பக்கமிருந்து ஒரு சின்ன மேகம் வரும். பத்து நிமிஷம் கொட்டிவிட்டுப் போய்விடும். எண்ணூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. "ரேடியோவுல இதைச் சொன்னானா பாரு!" என்பார் மாமா.

சொல்வது கஷ்டம். சென்னைத் துறைமுகத்தில் 2002ல் அமைத்த டாப்ளர் ராடார், மழைத்துளி உருவான பிறகுதான் காட்டும். வானிலை கணிக்கும் கணிப்பொறியோ ஆகாயத்தைப் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரிக்கிறது. மாமாவின் மேகம் ஒரு கிலோமீட்டர் இருந்தாலே அதிகம். வலைக்கண் பெரிசு, மீன் நழுவிவிடும்.

ஆகவே சின்னக் கண் வலை தேவை. 2004-05ல் கரீபியன் கடலில் ஆன்டிகுவா, பார்புடா தீவுகளருகே 'ரைகோ' என்ற ஆய்வில் விமானமும் ராடாரும் வைத்து இப்படிப்பட்ட குட்டை மேகங்களை அளந்தார்கள். பிறகு 12.8 கி.மீ. சதுரமும் 4 கி.மீ. உயரமும் உள்ள காற்றுப் பெட்டி ஒன்றைக் கணிப்பொறிக்குள் கட்டினார்கள். பக்கவாட்டில் 100 மீட்டர், உயரத்தில் 40 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 128 × 128 × 100 = 16,38,400 கட்டங்கள்! 1970ல் டியர்டார்ஃப் இதே முறையில் வெறும் கால்வாய்ப் பாய்வைக் கணக்கிட்டபோது இருந்தவை 6,720தான்.

உள்ளே நடப்பது நம்ம தெர்மோடைனமிக்ஸ் பாடம்தான். ஒரு கிலோ காற்றில் ஒரு கிராம் ஆவி நீரானால், உள்ளுறை வெப்பத்தால் அக்காற்று சுமார் 2.5 டிகிரி சூடாகும். லேசாகி மேலே ஏறும். மேகத்துளியின் ஆரம் 0.01 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள மழைத்துளிக்கு இதில் பத்து லட்சம் துளி மோதிச் சேரணும்! விழும் மழையில் கொஞ்சம் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். அந்தக் காற்று கீழே பரவி, ஓரத்திலுள்ள ஈரக்காற்றை மேலே தள்ளும். அங்கே அடுத்த மேகம் பிறக்கும். மழைக்கு முன்னால் ஜில்லென்று அடிக்குமே, அது இதுதான்.

ரைகோ கணக்கில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 70 துளி என்று வைத்தார்கள். அது சுத்தமான கடல் காற்று. நம்ம பக்கத்துப் புகையில் தூசி அதிகம். அதே நீரைப் பல துளிகள் பங்கு போட்டுக்கொள்ளும். துளி சிறுத்தால் மோதல் குறையும், மழை தாமதமாகும்.

"அப்ப எங்க மழையைப் புகை தின்னுடுச்சா?" என்று கேட்டார் மாமா. அப்படியும் சட்டென்று சொல்லிவிட முடியாது. உடனே பெய்யாத மேகம் இன்னும் உயர வளர்ந்து, பிறகு பலமாகவும் கொட்டலாம். "எங்க கொட்டும்?" என்றார். காற்று தள்ளிக்கொண்டு போகும் இடத்தில், மாமா.