வீட்டிலா, பிரசவ மையத்திலா?

இங்கிலாந்தில் சிக்கலற்ற கர்ப்பம் என்றால் வீடு, மருத்துவச்சிகள் நடத்தும் பிரசவ மையம், மருத்துவமனை மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். முன்பு சிசேரியன் ஆனவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்களுக்கு மருத்துவமனைதான் நல்லது.

மற்றவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது, இது தலைப்பிரசவமா என்பதை. சுமார் 64,000 பிரசவங்களைக் கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவங்களில் 45 சதவீதம் மருத்துவமனைக்கு மாற்ற வேண்டிவந்தது. குழந்தைக்கு உயிரிழப்போ கடும் பாதிப்போ நேர்ந்தது ஆயிரத்துக்கு 9.3; மருத்துவமனையில் 5.3. பிரசவ மையங்களில் இப்படி ஆபத்து கூடவில்லை. அதனால் முதல் குழந்தைக்கு மையத்தையே சொல்வேன், அதுவும் மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கும் மையத்தை. தனியாக இருக்கும் மையமென்றால், மாற்ற நேரும்போது மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில்தான் போக வேண்டும். அடுத்தடுத்த பிரசவம் என்றால் தயங்காமல் வீட்டையும் யோசிக்கலாம். மாற்ற நேர்ந்தது 12 சதவீதம்தான்.

வலியை மரக்கச் செய்யும் எபிடூரல் ஊசி வீடு, பிரசவ மையம் இரண்டிலும் கிடையாது. வலி தாங்க வெதுவெதுப்பான நீர்த் தொட்டியும் மூச்சில் இழுக்கும் வாயுவும் உண்டு.

மருத்துவச்சியிடம் கட்டாயம் கேளுங்கள்: நடுராத்திரியில் ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும்? ஆள் பற்றாக்குறை என்றால் வீட்டுக்கு யார் வருவார்கள்?

வீட்டில்தான் என்றாலும் மருத்துவமனைப் பையைக் கட்டி வையுங்கள். வலி கண்ட பிறகும் நீங்கள் மனத்தை மாற்றிக்கொள்ளலாம்.