முடியாது என்பதை அளந்து பார்ப்போம்

‘எனக்குக் கணக்கு வராது’, ‘இந்த வயதில் நீச்சல் கற்க இயலுமா?’, ‘என் வருமானத்தில் சேமிப்பா?’ என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். பலமுறை சொன்ன சொல் நாளடைவில் தீர்ப்பாகிவிடுகிறது. அதன்பின் நாம் முயல்வதில்லை. முயலாததால் எதுவும் கைகூடுவதில்லை. கைகூடாததையே சான்றாகக் காட்டி அத்தீர்ப்பை உறுதி செய்துகொள்கிறோம்.

ஒரு மைல் தொலைவை நான்கு நிமிடத்திற்குள் ஓட இயலாது என்று பலர் கருதிய காலம் உண்டு. ஸ்வீடன் வீரர் குந்தர் ஹேக் 1945-இல் 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடிப் படைத்த உலகச் சாதனை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அசையாது நின்றது. ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி பலமுறை 4 நிமிடம் 2 விநாடியை ஒட்டியே நின்றுவிட்டார். 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில், ரோஜர் பானிஸ்டர் என்னும் மருத்துவ மாணவர் 3 நிமிடம் 59.4 விநாடியில் அத்தொலைவைக் கடந்தார். அடுத்த 46 நாள்களில் லாண்டியும் 3 நிமிடம் 58 விநாடியில் ஓடி முடித்தார்.

‘நம்பினார், வென்றார்’ என்று இந்நிகழ்ச்சியைச் சுருக்கிவிடுவது எளிது. ஆனால் பானிஸ்டர் நம்பிக்கையை மட்டும் சார்ந்திருக்கவில்லை. மைலை நான்கு சுற்றுகளாகப் பிரித்துக்கொண்டார். ஒரு சுற்றுக்கு 60 விநாடிக்கும் குறைவாக ஓடினால் போதும். இடையிடையே இரண்டு நிமிடம் இளைப்பாறிப் பத்துச் சுற்றுகள் ஓடிப் பழகினார். வேகம் 61 விநாடியில் தேங்கியபோது, பயிற்சியை நிறுத்திவிட்டுச் சில நாள்கள் ஸ்காட்லாந்தில் மலையேறச் சென்றார். திரும்பி வந்தபின் 59 விநாடி வசமாயிற்று. சாதனை நாளன்றும் பிராஷர், சாட்டவே என்னும் இரு நண்பர்கள் அவருக்கு முன்னே ஓடி வேகத்தை நிலைநிறுத்தினர்.

பெரிய இலக்கைச் சிறு அளவுகளாகப் பிரித்தல், தேங்கும்போது ஓய்வு கொள்ளுதல், துணையை ஏற்றல் ஆகிய மூன்றும் நம் இல்லத்திற்கும் பொருந்தும். ‘சேமிக்க இயலாது’ என்று கருதும் குடும்பம், மாதம் 500 ரூபாயைத் தொடர் வைப்பில் செலுத்திப் பார்க்கலாம். ஓராண்டில் அசல் மட்டுமே 6,000 ரூபாயாகும். ஒரு மாதம் கடினமாக இருந்தால் திட்டத்தைக் கைவிடாமல் தொகையைப் பற்றி மறுபடி சிந்திக்கலாம். வாழ்க்கைத் துணையோ பிள்ளைகளோ உடன் நின்று கணக்கெழுதினால் பழக்கம் நிலைக்கும்.

எல்லா எல்லைகளும் கற்பனையல்ல. உடல்நிலை, வருமானம், குடும்பப் பொறுப்பு ஆகியவை உண்மையானவை. எது உண்மையான எல்லை, எது வெறும் பழக்கம் என்பது முயன்று பார்த்தால்தான் தெரியும்.

இவ்வாரம் நாம் அடிக்கடி சொல்லும் ஒரு ‘முடியாது’ என்ற வாக்கியத்தைத் தாளில் எழுதுவோம். கடைசியாக எப்போது முயன்றோம் என்பதை அதன் அருகில் குறிப்போம். அந்த இடம் வெறுமையாக இருந்தால், அதில் மிகச் சிறிய பகுதியை நாளையே தொடங்குவோம்.