மெசாயாவிலிருந்து யாழுக்கு

காத்தான்குடி

அன்புள்ள தம்பி,



வட்ஸ்அப்பிலேயே பதில் எழுதத் தொடங்கினேன். எழுத எழுதக் கோபம் ஏறியதால் அழித்துவிட்டுக் கடதாசியை எடுத்தேன். கோபம் உன்மேல் இல்லை. நீ அனுப்பிய யாழ் வீடியோவுக்கு யாரோ ஒரு புண்ணியவான் தலைப்புப் போட்டிருக்கிறாரே, 'இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அதே ஓசை' என்று, அவர்மேல்தான். அதே ஓசையாம்! அந்த ஓசையைக் கேட்டுவைத்து இவருக்கு வந்து சொன்னவர் யார்?

உன் கேள்வி இது: "ஹொக்வூட்டின் பதிவில் இருப்பது ஹண்டல் கேட்ட மெசாயா என்றால், இளங்கோவடிகள் கேட்ட யாழை அப்படிப் பதிவுசெய்ய எங்களால் ஏன் முடியவில்லை, சேர்?" கேள்வியின் முற்பாதி பிழை. பிற்பாதி அருமையான கேள்வி. பிழையை முதலில் தீர்த்துவிடுவோம்.

ஒரட்டோரியோ என்றால் என்ன, ஹண்டல் யார் என்பதெல்லாம் கல்லடியில் இசை படிக்கிற உனக்குச் சொல்லத் தேவையில்லை. 1742 ஏப்ரல் 13இல் டப்ளினில் அவருடைய ஒரட்டோரியோவான மெசாயா முதன்முதலில் பாடப்பட்டதும் உனக்குத் தெரியும். ஆனால் அன்று பாடப்பட்ட அதே மெசாயாவை ஹண்டல் பிறகு ஒருபோதும் அப்படியே பாடுவிக்கவில்லை. எந்தப் பாடகர் கிடைத்தாரோ அவருடைய குரலுக்கேற்ப மெட்டை மாற்றினார், சுருதியை மாற்றினார், சில பாட்டுகளைத் திரும்பவும் எழுதினார். ஆகவே 'அசல்' என்று ஒன்றைத் தேடிப் போனால் ஏழெட்டு அசல்கள் வந்து நிற்கும். பழைய கருவிகளோடு பதிவுசெய்த ஹொக்வூட் அவற்றில் 1754ஆம் ஆண்டினதை எடுத்தார். லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த பவுண்ட்லிங் ஹொஸ்பிற்றலில் அந்த ஆண்டு நடந்த கச்சேரிக்கு, யாருக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்ற கணக்கு மிஞ்சியிருக்கிறது. வயலின் 14, வியோலா 6, செலோ 3, டபுள்பாஸ் 2, ஓபோ 4, பசூன் 4, எக்காளம் 2, கொம்பு 2, ஒரு சோடி முரசு. பாடற்குழுவில் இருபது பேர்கூட இல்லை. பெண்குரல் இடத்தில் சிறுவர்கள். கணக்கப்பிள்ளைகளை ஏளனம் செய்யாதே தம்பி, இசை வரலாற்றுக்கு அவர்கள் செய்த உதவியை விமர்சகர்கள் செய்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்தது வீக்கம். 1784இல் வெஸ்ற்மினிஸ்ரர் அபேயில் ஐந்நூறு பேருக்குமேல். 1789இல் மொற்சாற் தன் பங்குக்குக் காற்றுக்கருவிகளைச் சேர்த்தார். 1859இல் கிறிஸ்ரல் பலஸில் பாடகர்கள் மட்டுமே இரண்டாயிரத்துக்குமேல். 1959இல் பீச்சம் பதிவுசெய்த மெசாயாவில் தாளத்தட்டுகள் மோதுகின்றன. இதையெல்லாம் கேட்டுப் பழகிய காதுகளுக்கு 1980இல் வெளிவந்த ஹொக்வூட்டின் பதிவு பெரிய அதிர்ச்சி. குடல்நரம்பு பூட்டிய வயலின்கள், ஒக்ஸ்போர்ட் கிறைஸ்ற் சேர்ச் சிறுவர்கள், எம்மா கேர்க்பியின் நடுக்கமில்லாத குரல். நானும் அதை விரும்பிக் கேட்கிறவன்தான். ஆனாலும் அது 1754 அல்ல.

ஏன் அல்ல? சுருதியை எடு. பழைய கருவிக் குழுக்கள் பெரும்பாலும் நொடிக்கு 415 அதிர்வில் சுருதி சேர்க்கின்றன. இன்றைய 440இலிருந்து சரியாக அரைச்சுரம் கீழே. இந்த 415 எங்கேயிருந்து வந்தது? வசதியிலிருந்து வந்தது. ஹார்ப்சிகோர்டின் கட்டைகளை ஒரு இடம் நகர்த்தினால் 440க்கும் 415க்கும் மாறிக்கொள்ளலாம்; ஒரே கருவியை இரண்டு கச்சேரிக்கும் தூக்கிப் போகலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதற்கும் ஒரே சுருதி இருந்ததே இல்லை. ஊருக்கு ஊர், தேவாலயத்துக்குத் தேவாலயம் வேறுபட்டது. ஹண்டலுடையது என்று சொல்லப்படும் இசைக்கவை ஒன்று இருக்கிறது. 1751இல் மெசாயா பாடப்பட்டபோது அதே பவுண்ட்லிங் ஹொஸ்பிற்றலில் அவர் விட்டுச்சென்றது என்று அதன் பெட்டியில் எழுதியிருக்கிறது. அதன் அதிர்வு 422.5. எந்த ஊர்ச் சுருதி, எந்த ஆண்டுச் சுருதி என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தும், உலகம் 415ஐயே 'பரோக் சுருதி' என்று வழங்குகிறது! சிடி உறைகளில் அந்தச் சொல்லைக் காணும்போதெல்லாம் பேனாவை எடுத்து ஓரத்தில் 422.5 என்று எழுதிவைப்பது என் வழக்கம். சிரிக்காதே.

அதோடு, ஹொக்வூட்டினது ஒலிவாங்கிகளை வைத்துப் பல முறை பாடுவித்து, நல்ல துண்டுகளைத் தேர்ந்து ஒட்டிச் செய்த பதிவு. டப்ளின் மண்டபத்தில் கூட்டம் கொள்ளவேண்டும் என்று பெண்களை வளையப் பாவாடை அணியாமலும் ஆண்களை வாள் கட்டாமலும் வரச் சொன்னார்கள். அந்த நெரிசலும் வியர்வையும் எந்தத் தட்டில் இருக்கிறது? ரிச்சட் ரறஸ்கின் என்ற அமெரிக்க அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். பழைய கருவிக்காரர் வாசிப்பது பழைய இசையே அல்ல, மெலிவும் வேகமும் தெளிவும் விரும்புகிற இருபதாம் நூற்றாண்டுச் சுவை பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது என்றார். 1995இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பை வாசித்தபோது எனக்கு முதலில் எரிச்சல், பிறகு ஒப்புதல், பிறகு திரும்பவும் எரிச்சல். சண்டைக்காரர், ஆனால் வாசிக்கவேண்டியவர்.

அப்படியென்றால் பழைய கருவியால் என்ன பயன்? இதில் எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. கருவி தருவதைவிட அது மறுப்பதைக் கவனி. பழைய வில் நுனியில் பலம் குறைந்தது; ஒரே கனத்தில் நீள இழுக்க விடாது. வால்வு இல்லாத எக்காளம் இயற்கையான மேற்சுரங்களைத்தான் தரும். மற்றதைக் கேட்டால் முரண்டுபிடிக்கும். இந்த மறுப்புகளுக்குள் அடங்கித்தான் ஹண்டல் எழுதினார். அந்த மறுப்பு கைக்கும் தெரியும்போது, வாசிக்கிறவர் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சுவிட்டு வாசிக்கத் தொடங்குகிறார். எங்களுடைய றபானைப் பார். மாரி காலத்தில் வாவிக் காற்றுப் பட்டால் தோல் தளர்ந்துவிடும்; நெருப்பில் காட்டித்தான் அடிக்கவேண்டும். அடிக்க அடிக்கத் திரும்பவும் இறங்கும். அந்த இறக்கத்தோடு சேர்ந்து பைத்துப் பாடுவோரின் குரலும் இறங்கி, அடுத்த பாட்டில் ஏறும். பிளாஸ்ரிக் போர்த்த றபானுக்கு இந்தத் தொல்லை இல்லை. பாடுகிறவருக்கு மூச்சுவாங்க இடமும் இல்லை.

இப்போது உன் பிற்பாதிக்கு வருகிறேன். நீ தினமும் எந்த மனிதரின் பெயரைத் தாங்கிய நிறுவகத்துக்குப் போய்வருகிறாயோ, இந்தக் கேள்வியோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர்தான். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், பிறகு சுவாமி விபுலாநந்தர். விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆர்னல்ட் டொல்மெச் லண்டனில் பழைய லூட்டையும் ஹார்ப்சிகோர்டையும் திரும்பச் செய்தபோது, பார்த்துச் செய்ய அரும்பொருட்காட்சிச் சாலையில் பழைய கருவிகள் இருந்தன. வாசிக்கச் சுரம் எழுதிய ஏடுகளும் இருந்தன. விபுலாநந்தரிடம் என்ன இருந்தது? ஒரு யாழும் மிஞ்சவில்லை. சுரம் எழுதிய ஏடு ஒன்றும் இல்லை. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் தகுதி சொல்லும் சில அடிகள், அவற்றுக்கு உரைகாரர் எழுதியவை, ஆற்றுப்படைகளில் வரும் யாழ் வருணனைகள், பழஞ்சிற்பங்கள். இவ்வளவுதான். சொல்லைக் கொண்டு மரத்தைச் செய்யப் புறப்பட்டார்.

அவர் கணக்கைப் பார். பழைய இசைநூலார் ஏழு சுரத்துக்கும் அலகு என்ற நுண்பகுதிகளைப் பிரிக்கிறார்கள்: குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2. கூட்டினால் 22. இதை அதிர்வெண் விகிதமாக மாற்றி, நரம்பு நரம்பாகச் சரிபார்த்தார். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 24 என்று வாதாடியிருந்தார். பண்டிதரின் உழைப்பு மலையளவு; ஆனாலும் இந்த வழக்கில் நான் காரைதீவுக் கட்சி. ஊர்ப்பற்று என்று சொல்லிவிடாதே, கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லு.

யாழ் என்பது வீணைக்கு இன்னொரு பெயர் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். விபுலாநந்தர் எழுதிய யாழ் நூலை ஒருதரம் திறந்து பார்த்திருந்தால் எழுதமாட்டார்கள். மரத்தில் குடைந்த பத்தர், அதன்மேல் போர்த்த தோல், வளைந்த கோடு, நரம்பை இறுக்கும் திவவு: இது வில்லுக்கு உறவுக்காரன். ஒரு நரம்புக்கு ஒரு சுரம். இங்கே என் கொள்கையைக் கொண்டுவந்து வைக்கிறேன். வீணையின் மெட்டில் நரம்பை இழுத்து வரவழைக்கும் கமகத்தைத் திறந்த நரம்பு மறுக்கிறது. மறுக்கிற கருவியோடு வாழ்ந்தவர்கள் வேறு வழி தேடியிருக்கவேண்டும். குரலை அடுத்த நரம்புக்கு மாற்றிவைத்து ஒரு பாலையிலிருந்து, அதாவது ஒரு சுரவரிசையிலிருந்து, இன்னொரு பாலை பெறுகிறார்களே, அந்தப் பாலைத்திரிபு முழுவதும் இந்த மறுப்பிலிருந்து பிறந்தது என்பது என் துணிபு. உன் விரிவுரையாளர் சண்டைக்கு வருவார். பர்மாவில் இன்றும் வாசிக்கப்படும் சவுங் என்ற வில்யாழில் இடக்கைப் பெருவிரல் நகத்தால் நரம்பை அழுத்திச் சுரத்தைச் சற்று உயர்த்துகிறார்களே என்று கேட்பார். கேட்கட்டும். அது ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்ற விதியின் ஓரத்தில் செய்யும் சில்லறை வேலை. தோல் போர்த்த பத்தரும் கயிற்றுக் கட்டும் கொண்ட அந்தச் சவுங்கை நீ நன்றாகப் பார்த்துக்கொள். எங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒன்றுவிட்ட சகோதரன் அது.

1947 யூன் 5, 6ஆந் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. விபுலாநந்தர் ஆராய்ந்து அமைத்த கருவிகளும் அங்கே ஒலித்தன. யூலை 19இல் அவர் மறைந்துவிட்டார். அந்த நூலின் ஏழு இயல்களில் நீ முதலில் வாசிக்கவேண்டியது தேவாரவியல். ஏனென்றால் நீ கேட்ட தடை அங்கேதான் கிடக்கிறது. மெசாயாவுக்கு ஹண்டலின் கையெழுத்துப் பிரதியே இருக்கிறது. கருவியை மாற்றிமாற்றிப் பரிசோதிக்கலாம். சிலப்பதிகாரத்துக் கானல்வரியின் தொடக்கத்தில் எட்டு வகை விரற்செயலுக்குப் பெயர் இருக்கிறது, கோவலன் என்ன சுரம் மீட்டினான் என்பது இல்லை. தேவாரப் பண்களோ ஓதுவார் தொண்டையில் வந்தவை. அவையும் வழியில் மாறியிருக்கின்றன. ஆகவே யாழைத் திருத்தமாகச் செய்தபிறகும், அதில் எதை வாசிப்பது என்ற கேள்வி முழுசாக மிஞ்சும்.

சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் யாழ் செய்து, 'அழகி' என்று ஒரு பாட்டும் வெளியிட்டார். அதைப் புதுப்பாட்டாகவே கேள், நன்றாக இருக்கிறது. நீ ஒரு பதிவு செய்யப்போனால் உறையிலேயே எழுதிவிடு: நரம்பு இன்னது, சுருதி இன்னது, இந்த இடம் உரையாசிரியர் சொன்னது, இந்த இடம் என் ஊகம். ஊகத்தை ஊகம் என்று அச்சடித்த பதிவு ஒன்றை எனக்குக் காட்டு, காசு கொடுத்து வாங்குகிறேன்.

அதற்குமுன் ஒரு வேலை. 'அல்லேலூயா' பாடலைப் பீச்சமிலும் ஹொக்வூட்டிலும் அடுத்தடுத்துக் கேள். எக்காளம் எப்போது முதன்முதல் நுழைகிறது, நுழைந்தபிறகு என்ன செய்கிறது என்று குறித்துவா. பிறகு உன் தம்புராவைக் குரலாக வைத்துக்கொண்டு, மேலே தந்த அலகுக் கணக்கின்படி ஏழு சுரத்தையும் பாடிப் பழகு. தொலைபேசிச் செயலியைப் பார்த்துச் சரிபார்க்காதே. அது பெரும்பாலும் சம அளவில் பிரித்த பன்னிரண்டைத்தான் அறியும்.

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என் ஸலாத்தைச் சொல்லு. யாழ் நூலை இரவல் தருகிறேன், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வந்து எடு. போனமுறை கொண்டுபோன புத்தகத்தையும் மறக்காமல் கொண்டுவா. அதன் அட்டையில் தேநீர்க் கோப்பை வைத்தது யார் என்று விசாரணை இருக்கிறது.

இப்படிக்கு,
உன் சேர்