ஐந்தாம் சீலத்திற்குத் துணை

பஞ்சசீலங்களுள் ஐந்தாவது, மயக்கந்தரும் மதுவகைகளை விலக்குதல். முதல் நான்கும் பிறருக்கு நாம் இழைக்கும் தீங்கைத் தடுப்பன. ஐந்தாவதோ அந்நான்கையும் காக்கும் விழிப்பையே காப்பது. தீட்சை பெற்ற நாளில் இதனை யாவரும் உரத்த குரலில் ஏற்றோம். ஏற்றவருட் சிலர் மீண்டும் குடிப்பதும், பின் வெட்கத்தால் பௌர்ணமிக் கூட்டத்திற்கு வராமல் நின்றுவிடுவதும் நாமறிந்ததே. சீலம் வழுவியவர் சங்கத்தைவிட்டு ஒதுங்குவது, காய்ச்சல் கண்டவர் வைத்தியசாலைக்குப் போக நாணுவதை ஒக்கும்.

நல்லேப்பிள்ளி போன்ற ஊரில் இச்சீலம் எளிதன்று. சித்தூர் வட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் இறக்கப்படும் கள் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் வண்டியேறுகின்றது. 1996 ஏப்ரல் முதல் நாள் கேரள அரசு சாராயத்தைத் தடைசெய்தது; மதுவின் உருவம் மாறிற்றேயன்றி மது மறைந்ததில்லை. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பது அரசு வாணிபக் கழகமே. ஒருபுறம் கடையடைப்பென்றால் மறுபுறம் செல்லும் வழியைக் குடிப்பவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இத்தகையோர்க்கு மனவுறுதி மட்டும் போதுமா? 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிகழ்ந்ததைக் கவனிப்போம். பில் வில்சன் என்னும் பங்குத் தரகர் சில மாதங்களாகவே குடியை நிறுத்தியிருந்தார். வந்த காரியம் தோற்றது, அறிமுகமற்ற ஊர், தங்கியிருந்த விடுதியிலேயே மதுக்கூடம். அவர் அங்கே செல்லாமல் தொலைபேசியை எடுத்து, தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளரைத் தேடினார். அறுவை மருத்துவரான பாப் ஸ்மித் கிடைத்தார். மருத்துவருக்கு அறிவுரை கூறவன்று, தாம் குடியாமலிருக்கவே வில்சன் அவரைத் தேடினார் என்பதே இதில் உயிர்நிலை. அவ்வாண்டு ஜூன் 10-இல் ஸ்மித் இறுதியாகக் குடித்தார்; அந்நாளையே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கின்றது. இந்தியாவில் இஃது 1957-இல் வேரூன்றியது. சுருக்கமாக ‘ஏ.ஏ.’ என்பர்.

நல்ல நட்பு பிரம்மசரிய வாழ்வில் பாதியென்று ஆனந்தர் கூறியபோது, பாதியன்று, முழுவதுமே அதுதான் என்று பகவர் திருத்தியதைக் கேட்டிருக்கின்றோம். கல்யாணமித்திரர் என்றால் குற்றமற்ற பெரியோர் மட்டுமே என்று நினைத்துவிடுகிறோம். நேற்று விழுந்து இன்று எழுந்தவரும், விழுந்துகிடப்பவருக்கு மித்திரராவார்.

கூட்டத்தில் நடப்பது யாது? சிலர் வட்டமாக அமர்வர். ஒருவர் முதற்பெயரை மட்டும் சொல்லித் தம் குடியின் கதையைக் கூறுவார். மற்றவர் இடைமறியாது கேட்பர். புதியவர் பேசியே தீரவேண்டுமென்பதில்லை. கட்டணமில்லை, செலவுக்கு விரும்பியோர் இடுவதே வருவாய். குடியை நிறுத்தவேண்டுமென்ற விருப்பம் ஒன்றே தகுதி. சாதியையோ மதத்தையோ கேட்பதில்லை. (நம்மவர்க்கு இது சிறிய செய்தியன்று.) ஆயுள் முழுமைக்கும் சபதம் வாங்குவதுமில்லை, இன்று ஒருநாள் குடியாதிருப்போம் என்பதே பேச்சு.

நம் உபாசகர் தயங்குவது வேறோரிடத்தில். அவ்வியக்கத்தின் பன்னிரு படிகளுட் சில கடவுளைக் குறிப்பிடுகின்றன. அநீசுவரவாதியான பௌத்தர் அங்கே எவ்வாறு அமர்வது? 1939-இல் அப்படிகள் நூலாக அச்சேறியபோதே, இறைநம்பிக்கையற்ற உறுப்பினரின் வற்புறுத்தலால், ‘அவரவர் புரிந்துகொண்டவாறு’ என்னும் கருத்து சேர்க்கப்பட்டது. 1957-இல் வெளியான இயக்க வரலாற்று நூலில், பௌத்தர் கடவுள் என்னுமிடத்தில் ‘நன்மை’ என்று கொள்ள விரும்பியதை வில்சன் குறிப்பிட்டு, படிகள் யோசனைகளேயன்றிக் கட்டளைகளல்ல என்றும் விளக்கியுள்ளார். ஆகவே, பிரார்த்தனை வேளையில் நாம் மும்மணிகளை நினைத்து மௌனமாயிருத்தல் தகும். அதனை அங்கே வாதமாக்குவது தேவையற்றது. குடியை விடவந்த இடத்தில் தத்துவப்போர் நடத்துவோர் பெரும்பாலும் கடைக்கே திரும்புகின்றனர் என்பது என் எண்ணம்.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும், இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதனையடுத்துப் பிதற்றலும் காணக்கூடும், உயிருக்கே ஆபத்து. ஆதலின் முதலில் மருத்துவர், பிறகு கூட்டம். கேரள அரசு 2016-இல் தொடங்கிய ‘விமுக்தி’ திட்டத்தின் கீழ்ப் பாலக்காடு மாவட்டத்திற்குரிய சிகிச்சை மையம் அட்டப்பாடியில், கோட்டத்தரை அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையில் அமைக்கப்பட்டது. வழிகேட்க, கட்டணமற்ற தொலைபேசி எண் 14405. தேசிய அளவில் 14446. ஏ.ஏ. கூட்டம் நடக்குமிடத்தையும் நேரத்தையும் சிகிச்சை மையத்து ஆலோசகரிடம் விசாரிக்கலாம். பாலக்காட்டுப் பக்கம் பேச்சு மலையாளத்தில் நடக்கும். தமிழிலேயே மனந்திறக்க விரும்புவோர் கோயம்புத்தூர்ப் பக்கம் விசாரிப்பது நலம். தாய்மொழியில் சொல்லாத துயரம் பாதியே வெளிவரும்.

குடிப்பவர் வர மறுத்தால் வீட்டார் காத்திருக்க வேண்டுவதில்லை. 1951-இல் அமைந்த ‘அல்-அனான்’ குழுக்கள் மனைவி, பெற்றோர் முதலிய உறவினருக்கானவை. மனைவிமார் அங்கே முதலில் கற்பது, கணவரின் குடிக்குத் தாம் காரணரல்லர் என்பதே.

முதற்கூட்டத்திற்குத் தனியே போவது கடினம். சங்கத்துப் பெரியவர் ஒருவர் பேருந்தில் உடன்சென்று, அனைவர்க்கும் திறந்த கூட்டமாயின் உள்ளேயும், குடிநோயாளர்க்கு மட்டுமாயின் வாயிலிலும் அமர்ந்திருக்கலாம். திரும்பும் வழியில் என்ன பேசினீர்கள் என்று கேளாதிருப்பாராக. அடுத்த வாரம் எத்தனை மணிக்குப் பேருந்து என்று மட்டும் கேட்கலாம்.